குலுக்கல் ஜனநாயகம்: பண்டைய கிரேக்க அரசியலுக்கு ஓர் எளிய அறிமுகம்

"ஜனநாயகம் எங்கே பிறந்தது?" என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட "கிரேக்கம்" என்று சொல்லிவிடும். அடுத்த கேள்வியில்தான் தடுமாற்றம். எந்தக் கிரேக்கம்? யார் தொடங்கியது? எதற்காக? மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப் பதிவிலும் கிடைக்கும் பதில் ஏறக்குறைய இதுதான்: கிரேக்கம் என்றொரு நாடு இருந்தது, அங்கே சாக்ரடீஸ், பிளேட்டோ போன்ற ஞானிகள் உட்கார்ந்து யோசித்து மக்களாட்சியைக் கண்டுபிடித்தார்கள், மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிரேக்கம் அப்போது ஒரு நாடாக இருக்கவில்லை. பிளேட்டோ பிறப்பதற்குச் சுமார் 80 ஆண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸில் மக்களாட்சி வந்துவிட்டது. அவருக்கு அது கடைசிவரை பிடிக்கவும் இல்லை. சாக்ரடீஸுக்கு கி.மு. 399ல் மரண தண்டனை விதித்ததே அந்த மக்களாட்சியின் நீதிமன்றம்தான். ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பணக்காரர்களுக்குச் சாதகமான முறை என்றே பல கிரேக்கர்கள் கருதினார்கள். பதவிக்கு அடித்துக்கொண்ட பெரிய குடும்பங்களும், கடனில் மூழ்கிய விவசாயிகளும் மோதி மோதி வந்து சேர்ந்த ஏற்பாடுதான் ஏதென்ஸின் மக்களாட்சி. எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலிலிருந்து பார்ப்போம்.

அரண்மனைகள் எரிந்தன

கி.மு. 1400க்கும் 1200க்கும் இடையில் மைசீனி, பைலோஸ், கிரீட் தீவின் நாசஸ் போன்ற இடங்களில் கிரேக்க மொழி பேசியவர்களின் அரண்மனை அரசுகள் இருந்தன. அங்கே கணக்குப்பிள்ளைகள் ஈரக் களிமண் பலகைகளில் கீறிக் குறித்து வைத்தார்கள்: இன்னாரிடம் இத்தனை ஆடு, இவ்வளவு எண்ணெய், எந்தக் கொல்லருக்கு எவ்வளவு வெண்கலம் கொடுத்தது. இந்தப் பலகைகளை யாரும் சுட்டு வைக்கவில்லை. அரண்மனையை அழித்த தீதான் அவற்றைச் சுட்டு, நமக்காகக் காப்பாற்றியும் கொடுத்தது. 1952ல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அந்த எழுத்தைப் படித்து, அதில் இருப்பது கிரேக்க மொழி என்று காட்டினார்.

கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அரசன் போனான், அவனுக்குக் கணக்கு எழுதியவன் போனான், அவனோடு எழுத்தும் போயிற்று. அதன்பின் சுமார் 400 ஆண்டுகள் கிரேக்க நிலப்பரப்பில் எழுத்தே இல்லை. தப்பிப் பிழைத்தவர்கள் உள்ளூர்ப் பெரியதனக்காரர்கள் மட்டும். பசிலியஸ் என்று அவர்களைச் சொல்வார்கள். கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாடு, சண்டைக்கு நாலு ஆள் உள்ளவர்கள். வழக்குத் தீர்ப்பதும் அவர்கள் வேலை. கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த விவசாயக் கவிஞர் ஹெசியாட், இந்தப் பெரியவர்கள் லஞ்சம் வாங்கிக்கொண்டு கோணல் தீர்ப்புச் சொல்வதாகப் புலம்பியிருக்கிறார்.

அரசியல் கதைக்கு இந்த அழிவு முக்கியம். எகிப்திலும் மெசபடோமியாவிலும் இருந்ததுபோல் கடவுளுக்கு அடுத்த இடத்தில் ஒரு மகாராஜா இங்கே மிஞ்சவில்லை. மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்த பல சின்னப் பெரியமனிதர்கள்.

எழுத்தும் ஊர்களும்

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. மக்கள்தொகை கூடியது, கடல் வணிகம் சூடுபிடித்தது. இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த ஃபீனீசிய வணிகர்களிடம் கிரேக்கர்கள் எழுத்தைக் கற்றார்கள். ஃபீனீசிய எழுத்தில் மெய்கள் மட்டுமே உண்டு. தங்களுக்குத் தேவைப்படாத சில எழுத்துகளைக் கிரேக்கர்கள் உயிர் எழுத்துகளாக்கிக்கொண்டார்கள். இருபத்துச் சொச்சம் எழுத்து தெரிந்தால் போதும், பேசுவதை எழுதிவிடலாம். அரண்மனைக் கணக்குப்பிள்ளை மட்டும் அறிந்த வித்தை இனி இல்லை. நமக்குக் கிடைத்த மிகப் பழைய கிரேக்க எழுத்துகளில் ஒன்று, இத்தாலிக்கு அருகிலுள்ள பித்தெகூசை தீவில், ஒரு குடிக்கும் கிண்ணத்தின் மேல் கீறிய மூன்று வரிக் கவிதை. இந்தக் கிண்ணத்தில் குடித்தவனைக் காதல் ஆசை பிடித்துக்கொள்ளும் என்கிறது. ஆட்டுக் கணக்கிலிருந்து நல்ல முன்னேற்றம்.

இதே காலத்தில்தான் போலிஸ் உருவாகிறது. போலிஸ் என்பது ஒரு நகரமும் அதைச் சுற்றிய வயலும் கிராமங்களும் சேர்ந்து, தனக்கென்று சட்டமும் படையும் கோயிலும் வைத்துக்கொண்ட ஒரு தனி அரசு. மலைகளும் விரிகுடாக்களும் துண்டு போட்ட நிலம் அது. ஒவ்வொரு சமவெளியிலும் ஒரு போலிஸ். காலப்போக்கில் இவை ஆயிரத்தைத் தாண்டின. பல ஊர்களில் குடிமக்கள் சில நூறு அல்லது சில ஆயிரம் பேர்தான். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் கொண்ட ஏதென்ஸ் இவற்றில் பூதாகாரமான ஒன்று. நிலம் பற்றாத ஊர்கள் கப்பலேற்றி ஆட்களை அனுப்பின. சிசிலியின் சிராகூஸ், பிரான்ஸின் மார்செய், லிபியாவின் சைரீனி எல்லாம் அப்படிக் குடியேறியவர்கள் தொடங்கிய ஊர்கள். புது இடத்தில் இறங்கியதும் நிலத்தைப் பங்கு பிரிக்க வேண்டும், விதி எழுத வேண்டும். ஊரை எப்படி நடத்துவது என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் தேடும் பழக்கம் இதனால் வளர்ந்தது.

இதுவரை: பெரிய அரசர்கள் ஒழிந்தார்கள். சிறிய ஊர் அரசுகள் வந்தன. அவற்றைச் சில குடும்பங்கள் கையில் வைத்திருந்தன. எழுத்து பொதுவில் வந்தது.

சாவி யாரிடம்?

ஊர்த் திருவிழாக் கமிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மரியாதை யாருக்கு, உண்டியல் சாவி யாரிடம் என்று மூன்று நான்கு குடும்பங்களுக்குள் தகராறு. ஒரே ஆள் தொடர்ந்து தர்மகர்த்தாவாக இருந்தால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா? வெட்டுக்குத்து வரை போய், கடைசியில் "வருஷத்துக்கு ஒருத்தர், முறை வைத்துக்கொள்வோம்" என்று பேசி முடிப்பார்கள். யாருக்கும் அங்கே சமத்துவக் கொள்கை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் நிரந்தரமாக உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கிரேக்க ஊர்களில் நடந்ததும் இதுதான். கிரீட் தீவின் டிரெரோஸ் என்ற சின்ன ஊரில், கோயில் சுவரில் வெட்டியிருந்த ஒரு சட்டம் கிடைத்திருக்கிறது; கி.மு. 650ஐ ஒட்டியது. "ஊர் தீர்மானித்தது" என்று தொடங்குகிறது. அந்த ஊரின் தலைமைப் பதவியை ஒருமுறை வகித்தவர் 10 ஆண்டுகளுக்கு மறுபடி வகிக்கக் கூடாது. மீறி உட்கார்ந்தால் அவர் விதித்த தண்டத்தைப்போல் இரு மடங்கு அவரே கட்ட வேண்டும், அவர் செய்தது எதுவும் செல்லாது, ஆயுள் முழுக்க அவருக்குப் பதவியே கிடையாது. கிரேக்கத்தின் மிகப் பழைய சட்டக் கல்வெட்டுகளில் ஒன்று இது. அதில் உரிமை பற்றியோ சுதந்திரம் பற்றியோ ஒரு சொல் இல்லை. நாற்காலியை விடாத ஆளை எப்படி எழுப்புவது என்பதுதான் விஷயம். என்னைக் கேட்டால், கிரேக்க அரசியலைப் புரிந்துகொள்ளத் தத்துவ நூல்களைவிட இந்தக் கல்வெட்டிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன்.

எல்லா ஊரிலும் பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. பல இடங்களில் குடும்பச் சண்டைக்கு நடுவே ஒருவர் ஆள் திரட்டி ஆட்சியைப் பிடித்தார். இவர்தான் டைரண்ட்: பரம்பரை உரிமையோ சட்ட உரிமையோ இல்லாமல் தனி ஆளாக ஆட்சியைக் கைப்பற்றியவர். இன்று அந்தச் சொல் கொடுங்கோலனைக் குறிக்கிறது. அன்று எல்லா டைரண்டும் கொடியவர் இல்லை. கொரிந்தில் கி.மு. 657 வாக்கில் பழைய குடும்ப ஆட்சியை விரட்டிய சிப்செலஸ் அப்படி வந்தவர். பெரிய குடும்பங்களை அடக்கி வைத்ததால் சாதாரண மக்களிடம் பல டைரண்டுகளுக்கு ஆதரவே இருந்தது.

சோலோன்: கடனை அடித்த மனிதர்

ஏதென்ஸில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவகாரம் முற்றியது. ஏழை விவசாயிகள் பலர் விளைச்சலில் பங்கு கொடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். கடனுக்கு ஈடாக வைக்க நிலம் இல்லாதவர் தன் உடம்பையே ஈடு வைத்தார். கட்டத் தவறினால் அவரும் பிள்ளைகளும் அடிமை. சிலரை வெளிநாட்டுக்கே விற்றுவிட்டார்கள். ஊர் இரண்டாகி ஆயுதம் தூக்கும் நிலை.

கி.மு. 594ல் இரு தரப்பும் சோலோன் என்பவரை ஆர்க்கனாக ஏற்றுக்கொண்டன. ஆர்க்கன் என்றால் ஓராண்டுக்கு ஊர் நிர்வாகத்தை நடத்தும் உயர் அதிகாரி. சோலோன் கவிஞரும்கூட, தான் செய்ததைப் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். நிலத்தில் நட்டிருந்த கடன் கற்களைப் பிடுங்கினேன், அடிமையாகக் கிடந்த கரிய மண் இன்று சுதந்திரமாக இருக்கிறது, விற்கப்பட்டவர்களை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன் என்கிறார். உடம்பை ஈடு வைத்துக் கடன் வாங்குவதை அடியோடு தடை செய்தார்.

அடுத்து அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் நின்று நிலைத்தது. குடிமக்களை விளைச்சல் அளவை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்தார். உயர்ந்த பதவிகள் மேல் வகுப்புக்கு மட்டும். கடைசி வகுப்பான கூலிக்காரர்களுக்குப் பதவி இல்லை. ஆனால் மக்கள் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் உட்கார இடம் உண்டு. மக்கள் மன்றம் என்பது குடிமக்கள் அனைவரும் நேரில் கூடித் தீர்மானம் எடுக்கும் கூட்டம். முன்பு பிறப்பு பார்த்தார்கள், இப்போது சொத்து பார்த்தார்கள். நமக்கு இது பெரிய நீதியாகத் தோன்றாது. ஆனால் பிறப்பை மாற்ற முடியாது, சொத்தைச் சேர்க்க முடியும். இன்னொன்று, அநியாயம் நடந்தால் பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, விரும்பும் எந்தக் குடிமகனும் போடலாம் என்றார். அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து மக்களிடம் மேல்முறையீடும் செய்யலாம்.

இரு தரப்புக்கும் திருப்தி இல்லை. பணக்காரர்களுக்குக் கடன் போயிற்று. ஏழைகள் நிலத்தைப் பங்கு போடுவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள், அது நடக்கவில்லை. டைரண்ட் ஆகிவிடும்படி சிலர் தூண்டியும் மறுத்துவிட்டு, 10 ஆண்டு வெளிநாட்டுப் பயணம் கிளம்பிவிட்டார்.

அவர் மறுத்ததைப் பிசிஸ்திராத்தஸ் எடுத்துக்கொண்டார். ஒருமுறை, நல்ல உயரமான ஃபியே என்ற பெண்ணுக்குப் போர்க்கவசம் மாட்டி ரதத்தில் நிற்க வைத்து, "அதீனா தேவியே இவரை அழைத்து வருகிறாள்" என்று தண்டோரா போட்டு ஊருக்குள் நுழைந்தாராம். கிரேக்கர்களிலேயே புத்திசாலிகள் எனப்பட்ட ஏதென்ஸ்காரர்கள் இதற்கு ஏமாந்தார்களே என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தலையில் அடித்துக்கொள்கிறார். ஏமாந்தார்களோ, ரசித்தார்களோ! எப்படியும் கி.மு. 546க்குப் பிறகு அவர் நிலையாக ஆண்டார். விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார், சோலோன் சட்டங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. அவர் மகன் ஹிப்பியாஸ் காலத்தில் ஆட்சி கடுமையாகி, கி.மு. 510ல் ஸ்பார்ட்டா என்ற வேறொரு போலிஸின் படை உதவியோடு அவரை விரட்டினார்கள்.

கிளைஸ்தனிஸ் ஊரைக் கலைத்துப் போட்டார்

டைரண்ட் போனதும் பழைய குடும்பச் சண்டை மறுபடி தொடங்கியது. ஒரு பக்கம் ஐசகோரஸ், மறுபக்கம் கிளைஸ்தனிஸ். இருவருமே மேட்டுக்குடி. தோற்றுக்கொண்டிருந்த கிளைஸ்தனிஸ், இதுவரை யாரும் ஒரு பொருட்டாகக் கருதாத சாதாரண மக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஐசகோரஸ் ஸ்பார்ட்டா அரசன் கிளியோமெனிஸைப் படையோடு அழைத்துவந்து, 700 குடும்பங்களை ஊரைவிட்டுத் துரத்த வைத்தார். அப்போது நடந்தது யாரும் எதிர்பாராதது. தலைவர் இல்லாமலேயே மக்கள் திரண்டு, அந்தப் படையை அக்ரோபொலிஸ் குன்றின் மேல் இரண்டு நாள் சுற்றி வளைத்தார்கள். மூன்றாம் நாள் ஸ்பார்ட்டாக்காரர்கள் சமரசம் பேசி வெளியேறினார்கள். ஊரைவிட்டு வெளியேறியிருந்த கிளைஸ்தனிஸைத் திரும்ப அழைத்தார்கள்.

கி.மு. 508க்குப் பிறகு அவர் செய்த மாற்றம் பார்வைக்கு வெறும் வார்டு எல்லை மறுவரையறை. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நாட்டை ஊர்ப்பிரிவுகளாக்கினார், மொத்தம் 139 என்பது வழக்கமான கணக்கு. இவற்றை நகரம், கடற்கரை, உள்நாடு என்று மூன்று வட்டாரமாக வைத்து, ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஒரு துண்டு எடுத்து மூன்றையும் ஒட்டி ஒரு "குலம்" அமைத்தார். இப்படிப் பத்துக் குலங்கள். ஒரே குலத்தில் மலையடி விவசாயியும் மீனவரும் நகரத்துக் குயவரும் இருந்தார்கள். போருக்குப் போனாலும் சபைக்குப் போனாலும் இந்தக் குலமாகத்தான் போக வேண்டும். எந்தப் பெரிய குடும்பமும் தன் ஊர் ஆட்களை மொத்தமாகத் தன் பின்னால் வைத்துக்கொள்வது கடினமாயிற்று.

ஒவ்வொரு குலத்திலிருந்தும் 50 பேர் என ஐந்நூற்றுவர் சபை அமைந்தது. மக்கள் மன்றம் எதை விவாதிக்க வேண்டும் என்று முன்கூட்டித் தயாரித்துக் கொடுப்பது இதன் வேலை.

சுருக்கமாக: சோலோன் கடனடிமையை ஒழித்து ஏழைக்கும் ஓர் இருக்கை கொடுத்தார். கிளைஸ்தனிஸ் குடும்பச் செல்வாக்கின் அடிப்படையான வட்டாரப் பிடியை உடைத்தார். இனி பதவிக்கு ஆள் எப்படி எடுத்தார்கள் என்பது பாக்கி.

குலுக்கலும் ஓட்டாஞ்சில்லும்

பெரும்பாலான பதவிகளுக்கு ஆள் எடுத்தது குலுக்கலில். கி.மு. 487 முதல் ஆர்க்கன்களும் அப்படித்தான். ஐந்நூற்றுவர் சபைக்கும் குலுக்கல். ஓராண்டுதான் பதவி, ஆயுளில் இரண்டு முறைக்கு மேல் சபையில் உட்கார முடியாது. சபையின் தலைவரைத் தினம் ஒருவராகக் குலுக்கி எடுத்தார்கள். ஓர் இரவும் ஒரு பகலும் அரசு முத்திரையும், பொதுப்பணம் இருந்த கோயில்களின் சாவியும் அவர் கையில். மறுநாள் வேறு ஆள். ஒருமுறை வகித்தவருக்கு ஆயுளில் மறு வாய்ப்புக் கிடையாது.

பின்னாளில் இதற்கென்று கல்லில் ஒரு கருவியே செய்தார்கள். வரிசை வரிசையாகத் துளை வெட்டிய கற்பலகை அது. பேர் பொறித்த சீட்டுகளை அவற்றில் செருகுவார்கள். பக்கவாட்டுக் குழாயில் கருப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைப் போடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கருப்பு விழுந்தால் வெளியே. அப்படிப்பட்ட கல் ஒன்றை இன்றும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஏன் குலுக்கல்? தேர்தல் வைத்தால் பேர் பெற்றவரும் பணம் உள்ளவரும் பேச்சு வல்லவரும்தான் ஜெயிப்பார்கள். குலுக்கலுக்கு முகம் தெரியாது. குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார். திறமை இல்லாமல் முடியாத வேலைக்கு மட்டும் தேர்தல் வைத்தார்கள். ஆண்டுதோறும் பத்துத் தளபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ் ஆண்டுக்கணக்கில் செல்வாக்கோடு இருந்தது இந்த வழியில்தான். ஒரு கதவு திறந்திருந்தது, அதன் வழியே பெரிய குடும்பத்துப் பிள்ளை உள்ளே வந்தார்!

அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டார் என்று தோன்றும் ஆளுக்கும் மருந்து வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வேண்டும் என்று மக்கள் மன்றம் முடிவெடுத்தால், ஒவ்வொருவரும் ஓர் ஓட்டாஞ்சில்லில் தனக்குப் பிடிக்காத தலைவர் பேரைக் கீறிப் போடலாம். குறைந்தது 6,000 சில்லு சேர வேண்டும். அதிகம் பேர் எழுதிய ஆள் 10 ஆண்டு நாட்டைவிட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது, குற்றச்சாட்டும் கிடையாது. அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் சுமார் 190 சில்லுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்ளிஸ் என்ற ஒரே பேர். கையெழுத்தை ஆராய்ந்தால் எழுதியவர்கள் 14 பேர்தான். ஆக, எழுதி வைத்து ஆட்களிடம் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். தேர்தல் தில்லுமுல்லு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கலாம்.

ஸ்பார்ட்டா வேறு வழி

எல்லாக் கிரேக்கரும் ஏதென்ஸ் வழியில் போகவில்லை. ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள், இரண்டு பரம்பரை. 60 வயது கடந்த 28 பேரும் அரசர்களும் சேர்ந்த முதியோர் சபை. ஆண்டுதோறும் ஐந்து எஃபோர்கள், அதாவது அரசரையே கேள்வி கேட்கும் கண்காணிப்பு அதிகாரிகள். முதியோர் சபைக்கு ஆள் எடுக்கும்போது வேட்பாளர்கள் ஒவ்வொருவராக மக்கள் முன் நடந்து போவார்கள். பக்கத்து அறையில் அடைத்துவைத்த நடுவர்கள், யாருக்கு ஆரவாரம் அதிகம் என்று காதால் கேட்டு முடிவு சொல்வார்கள். சிறுபிள்ளைத்தனம் என்றார் அரிஸ்டாட்டில். இவ்வளவு ஒழுங்கும் ஹெலட்கள் தலையில் நின்றது. அக்கம்பக்கத்து நிலங்களை வென்று, அங்கிருந்தவர்களையே நிலத்தோடு பிணைத்த உழவடிமைகள் அவர்கள். ஸ்பார்ட்டாக்காரர் முழுநேரச் சிப்பாயாக இருக்க முடிந்தது, இவர்கள் உழுததால்.

துடுப்புப் போட்டவர்கள்

ஏதென்ஸில் கடைசி வகுப்புக் கூலிக்காரருக்கு உண்மையான பலம் கடலில் இருந்து வந்தது. கி.மு. 483ல் லாரியன் சுரங்கத்தில் வெள்ளி நிறையக் கிடைத்தபோது, ஆளுக்குக் கொஞ்சம் பங்கு பிரிக்க இருந்த பணத்தைக் கப்பல் கட்டச் செலவிட வைத்தார் மேலே சொன்ன தெமிஸ்டோக்ளிஸ். ஒரு போர்க்கப்பலுக்கு 170 துடுப்புக்காரர் வேண்டும். கவசம் வாங்கக் காசில்லாதவருக்கும் துடுப்புப் போடக் கை உண்டு. கி.மு. 480ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றது இந்தக் கைகள். ஊரைக் காப்பாற்றியவனிடம் "உனக்குச் சொத்து போதாது, வாயை மூடு" என்று இனிச் சொல்ல முடியுமா? கி.மு. 462ல் எஃபியால்டிஸ், முன்னாள் ஆர்க்கன்களின் பழைய சபையிடம் இருந்த அதிகாரங்களைப் பிடுங்கி மக்கள் அமைப்புகளுக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் கொல்லப்பட்டார். பெரிக்ளிஸ், நீதிமன்றத்தில் உட்காருபவருக்குப் படி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஏழை வர வேண்டுமே.

அப்படியும் கூட்டத்துக்கு ஆள் வராத நாள் உண்டு. சந்தையில் அரட்டை அடிப்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து மன்றத்துக்கு ஓட்டுவார்கள் என்று அரிஸ்டோஃபனிஸ் தன் நாடகத்தில் கிண்டலடிக்கிறார். சட்டையில் சிவப்புப் பட்டால் மானம் போயிற்று.

கணக்கில் சேராதவர்கள்

"மக்கள்" என்பதில் யார் யார்? வயது வந்த ஆண் குடிமக்கள் மட்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சுமார் 30,000 பேர். கி.மு. 451ல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாயும் தந்தையும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடியுரிமை. அந்தக் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கத் தாய் வேண்டும், ஆனால் அவளுக்கு மன்றத்தில் இடமில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே தொழில் செய்த வெளியூர்க்காரருக்கும் இல்லை.

அடிமைகள் கதை இன்னும் கசப்பானது. தன் ஊர்க்காரனை அடிமையாக்கக் கூடாது என்று சோலோன் தடுத்தபின், ஆள் தேவை குறையவில்லை. வெளியிலிருந்து வாங்கினார்கள். கப்பல் கட்டிய லாரியன் வெள்ளியைத் தோண்டியது அவர்கள்தான். நிசியாஸ் என்ற அரசியல்வாதி ஆயிரம் அடிமைகளைச் சொந்தமாக வைத்து, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் காசு என்று சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். ஏதென்ஸ் சந்தையில் வெள்ளிக்காசு நல்லதா கள்ளமா என்று சொன்னவரும் அரசுக்குச் சொந்தமான ஓர் அடிமையே. அவர் சொன்னால் வணிகர் அந்தக் காசை வாங்கியே ஆக வேண்டும், வாங்க மறுத்தால் சரக்குப் பறிமுதல். அவர் வேலையில் தவறினால் 50 கசையடி. கி.மு. 375ல் போட்ட அந்தச் சட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதை நிறைவேற்றியது மக்களாட்சிதான்.

இந்த மக்களாட்சி இடையில் இருமுறை கவிழ்ந்து மீண்டது. கடைசியாக கி.மு. 322ல் மாசிடோனியத் தளபதி ஆண்டிபேட்டர் ஏதென்ஸைத் தோற்கடித்தபோது, குடியுரிமைக்கு 2,000 டிராக்மா சொத்து இருக்க வேண்டும் என்று விதி போட்டார். தேறியவர்கள் சுமார் 9,000 பேர். சலாமிஸில் துடுப்புப் போட்டவர்களின் வழிவந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள்; பலரைத் திரேஸ் பகுதிக்கு அனுப்பி, அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள்.